ஒற்றைத் தலைவலியைச் சமாளிப்பது எப்படி: டெல்டாக்காரர்களுக்கு வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

ஒற்றைத் தலைவலிக்காரர்கள் செய்கிற காரியங்கள் பெரும்பாலும் சரியானவைதான். வரிசைதான் தப்பு. முதல் வாரமே ஸ்கேன் எடுக்கத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ஓடுகிறார்கள். அப்புறம் கண்ணாடியை மாற்றுகிறார்கள், கத்தரிக்காயை நிறுத்துகிறார்கள், தலைக்குக் குளிப்பதை நிறுத்துகிறார்கள். மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போட்டோம் என்பதை மட்டும் யாரும் எண்ணுவதில்லை. முதலில் எண்ணவேண்டியதே அதுதான்.

நான் டாக்டர் இல்லை. எனக்கும் இந்தத் தலைவலி உண்டு, சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று பலருக்குக் காலண்டரில் குறிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பதை வைத்து எழுதுகிறேன். மருந்தின் பெயரும் அளவும் நீங்கள் டாக்டரிடம் தெளிவாகப் பேசுவதற்காகச் சொல்லப்பட்டவை.

தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

நகைக்கடையிலோ உரக்கடையிலோ கொடுக்கிற மாதக் காலண்டர் ஒன்று, அதோடு கட்டிய பேனா ஒன்று. பேனாவைத் தேடிப் போகவேண்டியிருந்தால் குறிக்கமாட்டீர்கள்.

கடந்த ஒரு மாதத்தில் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் காலி அட்டைகள். தலைவலி மாத்திரை மட்டுமல்ல, மூட்டுவலிக்கும் சளிக்கும் தூக்கத்துக்கும் போட்டதும் சேர்த்து.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்த ரத்த அழுத்த அளவு. லேசான பிபி பொதுவாகத் தலைவலி தராது. ஆனால் சில மருந்துகளைக் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவெடுக்க அந்த எண் வேண்டும்.

அப்புறம், மூன்று மாதப் பொறுமை. ஒரு வாரத்தில் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

1. இது உடனே ஓடவேண்டிய தலைவலியா?

மற்ற எதற்கும் முன்னால் இந்தக் கேள்வி. ஒற்றைத் தலைவலி உயிரை எடுப்பதில்லை, ஆனால் உயிரை எடுக்கிற சில நோய்கள் தலைவலியாகத்தான் தொடங்கும்.

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறிய, வாழ்நாளில் பார்த்திராத வலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. ஒரு பக்கம் கை கால் சோர்ந்துபோவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது. வலிப்பு, நினைவு தடுமாறுவது. தலையில் அடிபட்டபின் வந்த வலி. கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, பார்வை மங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தலைவலி, இருமும்போதோ படுக்கும்போதோ கூடுகிற தலைவலி, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகிற தலைவலி இவற்றுக்கு ஆம்புலன்ஸ் வேண்டாம், ஆனால் அந்த வாரமே டாக்டரைப் பார்த்தாகவேண்டும்.

கர்ப்பிணிக்கு 20 வாரத்துக்குப் பிறகோ, பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள்ளோ கடுமையான தலைவலி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பிபி எகிறியிருக்கலாம், மூளையின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். ‘பச்சை உடம்பு, குளிர்ந்த தண்ணி பட்டிருக்கும்’ என்று வீட்டில் வைத்திருந்து வினையாகிற இடம் இது.

நம் பக்கத்துக்கென்று ஒன்று. வயலில் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்தவருக்குத் தலைவலியோடு வாந்தி, அதிக வியர்வை, எச்சில் ஊறுவது, கண்பாவை சுருங்குவது, மூச்சுத் திணறல் இருந்தால் அது விஷம் ஏறியது. சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டப்பா இருந்தால் டாக்டருக்கு எந்த மருந்து என்று உடனே தெரியும்.

மழைக்காலத்தில் காய்ச்சலோடு வருகிற தலைவலிக்கு இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகை மாத்திரைகளைத் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். காய்ச்சல் என்னவென்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்.

2. ஒற்றைத் தலைவலிதானா என்று பார்ப்பது

இதை ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சொல்லாது, நீங்கள் சொல்கிற கதைதான் சொல்லும். மருந்து போடாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம்வரை நீடிக்கும். ஒரு பக்கமாக இருக்கலாம், விண்விண் என்று தெறிக்கலாம், வேலையை நிறுத்தவைக்கும் அளவுக்கு இருக்கும், மாடிப்படி ஏறினால் கூடும். இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும். கூடவே குமட்டல் அல்லது வாந்தி இருக்கும், இல்லாவிட்டால் வெளிச்சமும் சத்தமும் இரண்டுமே பிடிக்காமல் போகும். இப்படி 5 முறையாவது வந்திருக்கவேண்டும். இரண்டு பக்கமும் வலிக்கிறது, அதனால் இது அதுவல்ல என்று ஒதுக்கவேண்டாம். பலருக்கு இரண்டு பக்கமும்தான் வலிக்கும்.

சிலருக்கு வலிக்கு முன்னால் பார்வையில் மின்னுகிற வளைவுக் கோடுகள் தெரியும், அல்லது ஒரு கை மரத்துப்போகும். இது மெல்லப் பரவி, 5 நிமிடத்திலிருந்து 60 நிமிடத்துக்குள் அடங்கும். முதல்முறை வரும்போது இதை நீங்களே முடிவு செய்யக்கூடாது, பக்கவாதத்தைப் போலவே இருக்கும்.

இந்தக் கட்டத்தில் மக்கள் விழுகிற குழிகள் இரண்டு. ஒன்று சைனஸ். ஒற்றைத் தலைவலியிலும் மூக்கடைக்கும், கண்ணில் நீர் வழியும். அதை நம்பி வருடக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் உண்டு. காய்ச்சலும் கெட்டியான மஞ்சள் சளியும் இல்லாமல், மாதாமாதம் வந்துபோகிற ‘சைனஸ்’ என்றால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று பித்தம். வாந்தி எடுத்தபின் வலி குறைவதால், விரலை விட்டு வாந்தி எடுக்கிறார்கள். வாந்தி இந்த நோயின் ஒரு பகுதி, காரணம் அல்ல. வலிய எடுத்தால் போட்ட மாத்திரையும் வெளியே போய்விடும்.

கதை பொருந்தி, டாக்டர் உடம்பைச் சோதித்து எல்லாம் சரி என்றால், ஸ்கேன் தேவையில்லை. அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

3. காலண்டரில் குறிப்பது

மூன்று அடையாளம் போதும். தலைவலி வந்த நாளுக்கு ஒரு கோடு. படுத்துவிட்ட, வேலைக்குப் போகமுடியாத நாளுக்கு அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். மாத்திரை போட்ட நாளுக்கு ‘மா’. பெண்கள் மாதவிலக்கு தொடங்கிய நாளுக்கு ஒரு புள்ளி வைக்கவும்.

இவ்வளவுதானா என்று கேட்பார்கள். இவ்வளவுதான். உற்சாகமாக நோட்டு வாங்கி, சாப்பிட்ட சாம்பார் முதல் அடித்த காற்று வரை எழுதுகிறவர்கள் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். மூன்று மாதம் ஓடுகிற சின்னக் கணக்குதான் உதவும்.

லேசான வலியையும் குறியுங்கள். ‘அது சும்மா, காபி குடிச்சா போயிடும்’ என்று விடுகிற நாட்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மாதத்தில் 15 நாளுக்குமேல் தலைவலி என்று மூன்று மாதம் போனால், அது நாள்பட்ட வகைக்கு மாறிவிட்டது, வைத்தியமே வேறு. மாதக் கடைசியில் ஞாபகத்தில் இருந்து நிரப்பவும் கூடாது. கடுமையாக வலித்த நாள் மட்டுமே ஞாபகத்தில் நிற்கும்.

4. ‘மா’ நாட்களை எண்ணுவது

முதல் மாதம் முடிந்ததும், வேறு எதையும் மாற்றுவதற்கு முன், இதைச் செய்யுங்கள். இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

தலைவலி மாத்திரையை அடிக்கடி போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற ஒற்றை மருந்துகள் என்றால் மாதத்தில் 15 நாள். பல மருந்து கலந்த மாத்திரை, ஒற்றைத் தலைவலிக்கென்றே தருகிற எர்கோடமைன், டிரிப்டான், கடும் வலிக்குத் தருகிற டிரமடால் வகை என்றால் 10 நாள். மூன்று மாதத்துக்குமேல் இப்படிப் போனால் ஆபத்து எல்லைக்குள் வந்துவிட்டீர்கள். இங்கே கணக்கு நாள்தான், எத்தனை மாத்திரை என்பதல்ல. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் ஒரு நாள்தான்.

‘அண்ணே, தலைவலிக்கு ஒரு செட்டு குடுங்க’ என்று மெடிக்கலில் கேட்டு வாங்குகிற பழக்கம் இந்த இடத்தில்தான் கழுத்தறுக்கிறது. அட்டையிலிருந்து வெட்டி, பேப்பரில் மடித்துத் தரும் நான்கு மாத்திரையில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. வலி மருந்து இரண்டு இருக்கலாம், சில இடங்களில் ஸ்டீராய்டும் இருக்கலாம். பெயர் தெரியாத மாத்திரையை எண்ணவும் முடியாது, டாக்டரிடம் சொல்லவும் முடியாது. அட்டையோடு கொடுத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நம் ஊர்க் கடைகளில் ஒற்றைத் தலைவலிக்கென்று தருகிற பழைய வகை மாத்திரை ஒன்றில் எர்கோடமைன், காஃபின், பாராசிட்டமால் எல்லாம் சேர்ந்திருக்கும். அது வேலை செய்யும், அதனால்தான் பழகிவிடுகிறது. எர்கோடமைன் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். இதய நோய், பிபி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. சில ஆன்டிபயாடிக் மருந்துகளோடு சேர்ந்தால் கை கால் ரத்த ஓட்டமே தடைபடும்.

எண்ணிக்கை எல்லையைத் தாண்டியிருந்தால், நிறுத்துவதுதான் வைத்தியம். நிறுத்தினால் முதல் வாரம் அல்லது பத்து நாள் வலி இன்னும் கூடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் எல்லோரும் மூன்றாம் நாள் பழைய மாத்திரைக்குத் திரும்பிவிடுவார்கள். அதனால் நாள் பார்த்துச் செய்யுங்கள். குறுவை நடவிலோ, வீட்டில் கல்யாணம் வைத்துக்கொண்டோ தொடங்கவேண்டாம். சம்பா அறுப்பு முடிந்து கை ஓய்ந்திருக்கிற மாசி நல்ல மாதம். வீட்டில் இருப்பவர்களிடம் சமையலை ஒரு வாரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். டிரமடாலோ தூக்க மாத்திரையோ தினமும் போடுகிறவர்கள் மட்டும் தானாக நிறுத்தக்கூடாது, டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

5. வலி தொடங்கியதும் முதல் ஒரு மணி நேரம்

மாத்திரை நாட்களைக் குறைக்கச் சொல்லிவிட்டு, இப்போது சீக்கிரம் போடச் சொல்கிறேன். இரண்டும் முரண் அல்ல. குறைந்த நாட்கள் போடவேண்டும், போடுகிற நாளில் சீக்கிரமும் போதுமான அளவிலும் போடவேண்டும்.

காரணம் வயிறு. தலைவலி ஏற ஏற இரைப்பை மந்தமாகிவிடும், மாத்திரை அங்கேயே கிடக்கும். ‘தாங்கமுடியாவிட்டால் போடலாம்’ என்று பொழுது சாயும்வரை பொறுத்துவிட்டு, அப்புறம் ‘எனக்கு எந்த மாத்திரையும் கேட்காது’ என்பவர்கள்தான் அதிகம்.

அளவிலும் கஞ்சத்தனம் உண்டு. இதய, சிறுநீரக, ஈரல், வயிற்றுப்புண் கோளாறு இல்லாத பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது பாராசிட்டமால் 1000 மில்லிகிராம், அல்லது இபுப்ரோஃபென் 400, அல்லது நாப்ராக்சென் 500. பாதி மாத்திரையை உடைத்துக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று போட்டால் வலியும் போகாது, ‘மா’ நாளும் கூடும். உங்களுக்கு எது, எவ்வளவு என்பதை ஒருமுறை டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இபுப்ரோஃபெனை வெறும் வயிற்றில் போடாதீர்கள். வெயிலில் வியர்த்து வற்றிப்போயிருக்கும்போது தண்ணீர் குடிக்காமல் போட்டால் சிறுநீரகத்துக்குக் கேடு. 16 வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் கூடவே கூடாது.

குமட்டல் இருந்தால், டாக்டர் சொல்லியிருக்கிற வாந்தி மாத்திரையையும் சேர்த்துப் போடுங்கள். அது வயிற்றை நகர்த்தி மற்ற மாத்திரையை உள்ளே அனுப்பும்.

இவை இரண்டு மணி நேரத்தில் கேட்காவிட்டால், மூன்று தடவை முயன்றும் அப்படியே என்றால், டிரிப்டான் வகை பற்றிக் கேளுங்கள். சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் இங்கே கிடைப்பவை. வலி தொடங்கியதும் போடவேண்டும், பார்வையில் கோடுகள் தெரியும்போதே அல்ல. முதல் மாத்திரை கொஞ்சமும் கேட்காவிட்டால் அதே வலிக்கு இரண்டாவது போட்டுப் பயனில்லை. குறைந்து திரும்பி வந்தால் இரண்டு மணி நேர இடைவெளிக்குப் பின் போடலாம். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும், பிபி கட்டுப்படாதவர்களுக்கும் இது கூடாது. எர்கோடமைன் மாத்திரை போட்ட 24 மணி நேரத்துக்குள் இதைப் போடவே கூடாது.

அப்புறம் இருட்டறை, நெற்றியில் ஈரத்துணி அல்லது ஐஸ், ஒரு தூக்கம். சுக்குப் பற்றுப் போடுவதில் தவறில்லை, தோல் எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இஞ்சிச் சாறு குமட்டலுக்குக் கொஞ்சம் உதவும். ஆனால் பற்றுப் போட்டுப் பார்த்துவிட்டு மாத்திரை போடலாம் என்று காத்திருக்காதீர்கள், இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

6. எது தூண்டுகிறது

இதை எல்லோரும் முதலில் தேடுவார்கள், நான் ஆறாவதாக வைக்கிறேன். மாத்திரை கூடியிருக்கும்போது தூண்டுவதைக் கண்டுபிடிக்கவே முடியாது, தினமும் ஏதோ ஒன்று தூண்டுவதுபோலத்தான் இருக்கும்.

உணவு மேல் போடுகிற பழி பெரும்பாலும் வீண். வலி வருவதற்குச் சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் முன்பே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு மேல் ஆசை எல்லாம் வரும். வலி ஏற்கெனவே தொடங்கிவிட்டதால்தான் அசோகா அல்வா தின்னத் தோன்றியது, அல்வாவால் வலி வரவில்லை. எதைத் தின்றோம் என்பதைவிட எப்போது தின்றோம் என்பதுதான் பெரிய கேள்வி.

நடவுக்குப் போகிற பெண்கள் விடியுமுன் கிளம்பி, பத்து பதினொரு மணிக்குத்தான் வாயில் ஏதாவது போடுகிறார்கள். கிளம்பும் முன் ஒரு செம்பு நீராகாரம், உப்புப் போட்டுப் பழையது இரண்டு கை. இது ஒன்றே சிலருக்கு மாதத்தில் பல கோடுகளைக் குறைத்திருக்கிறது. தண்ணீர் தேங்கிய வயலில் வெயில் கீழிருந்து கண்ணில் அடிக்கும், தலைத்துண்டு அதைத் தடுக்காது. கறுப்புக் கண்ணாடி போட்டு நடவு நட்டால் கேலி செய்வார்கள்தான், போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளும் அதையே போட்டுக்கொண்டிருந்தால் மட்டும் கண் இன்னும் கூசத் தொடங்கும்.

காபி பற்றிக் கும்பகோணத்துப் பக்கம் பேசுவது வம்பு. நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் ஒரே அளவு, ஒரே நேரம். காலையில் இரண்டு டம்ளர் குடிக்கிறவர் ஏகாதசிக்கு விட்டால், 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி வரும். விரதத்தைக் குறை சொல்வார்கள், குறை காபியுடையது. விரதம் இருந்தாகவேண்டும் என்றால் ஒரு வாரம் முன்பிருந்தே காபியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், பால், இளநீர், பழம் எடுத்துக்கொள்கிற விரதமாக வைத்துக்கொள்ளுங்கள். நோன்பு வைப்பவர்களுக்கும் இதேதான்: ரமலானுக்கு முன்பே டீயைக் குறைத்து, சஹரில் தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும்.

தூக்கத்தில் கெடுப்பது குறைவு மட்டுமல்ல, மாற்றமும்தான். திருவிழாவுக்கு ராத்திரி முழுக்க விழித்தால் மறுநாள் மத்தியானம்வரை தூங்கவேண்டாம். வழக்கமான நேரத்துக்கு எழுந்து, பகலில் குட்டித் தூக்கம் போடுங்கள். கல்யாண வேலையெல்லாம் முடிந்து ‘அப்பாடா’ என்று உட்காருகிற நாளில் வலி வருவதும் சகஜம், அன்றைக்கு வெளியே திட்டம் எதுவும் வைக்காதீர்கள்.

புழுக்கத்தையும் வானிலையையும் மாற்ற முடியாது. அதைக் குறித்து என்ன ஆகப்போகிறது, விடுங்கள்.

7. தடுப்பு மருந்து

மாதத்தில் 4 நாளோ அதற்கு மேலோ தலைவலி என்றால், அல்லது குறைவாக வந்தாலும் வட்டம் போட்ட நாட்கள் அதிகம் என்றால், வராமல் தடுக்கிற மருந்து பற்றிக் கேட்கலாம். தொடங்க ஆரம்ப சுகாதார நிலையம் போதும். மேற்கொண்டு பார்க்கத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. காலண்டரையும் காலி அட்டைகளையும் எடுத்துப் போங்கள். புறநோயாளி வரிசையில் உங்களுக்குக் கிடைக்கிற இரண்டு நிமிடத்தில், ‘மாதம் 11 நாள் வலி, 4 நாள் படுக்கை, 9 நாள் மாத்திரை’ என்று சொல்கிறவருக்குத்தான் சரியான மருந்து கிடைக்கும்.

கொடுத்த மருந்தை நிறுத்தவைப்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான். பிராப்ரனலால் பிபி மாத்திரை, அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மாத்திரை, டோபிராமேட் வலிப்பு மாத்திரை. மெடிக்கலில் யாரோ ‘இது பைத்தியத்துக்குக் கொடுக்கிறது’ என்றதும் மாத்திரை குப்பைக்குப் போகும். இவை எல்லாமே ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கப்படுபவை, அளவு வேறு.

ஆனால் சிலவற்றை டாக்டரிடம் நீங்களே சொல்லவேண்டும். ஆஸ்துமா இருந்தால் பிராப்ரனலால் ஆகாது. அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஃப்ளூனாரிசின் எடையையும் தூக்கத்தையும் கூட்டும், மனச்சோர்வு இருந்தவர்களுக்கு அதைக் கிளப்பிவிடும். பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் வால்ப்ரோயேட்டும் டோபிராமேட்டும் கருவுக்குக் கேடு, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரியான அளவுக்கு வந்தபின் இரண்டு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்துத்தான் தீர்ப்பு. வலி நாட்கள் பாதியானால் மருந்து வேலை செய்கிறது. முழுக்க நின்றால்தான் வெற்றி என்று எதிர்பார்ப்பவர்கள் நல்ல மருந்தையும் விட்டுவிடுவார்கள்.

8. பெண்கள் தனியாகக் கவனிக்கவேண்டியது

புள்ளியும் கோடும் மாதாமாதம் பக்கத்தில் பக்கத்தில் விழுகிறதா பாருங்கள். விலக்குக்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள்வரை வருகிற வலி ஹார்மோன் இறக்கத்தால் வருவது. நாள் தெரிந்திருப்பதால், அந்தச் சில நாட்களுக்கு மட்டும் முன்கூட்டியே மாத்திரை கொடுக்கும் முறை இருக்கிறது.

கருத்தடை மாத்திரை விஷயத்தில் கவனம். மாலா-என், மாலா-டி போன்ற கலப்பு ஹார்மோன் மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் உண்டு. வலிக்கு முன் பார்வையில் கோடுகள் தெரிகிறவர்களுக்கு அது பக்கவாத அபாயத்தைக் கூட்டும், அதனால் கூடாது. கிராம சுகாதார செவிலியரிடம் ‘எனக்குக் கண்ணில் மின்னல் தெரிந்துதான் தலைவலி வரும்’ என்று சொல்லி, காப்பர்-டி அல்லது ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை கேளுங்கள்.

கர்ப்ப காலத்தில் பாராசிட்டமால்தான் முதல் தேர்வு, அதுவும் டாக்டரிடம் சொல்லிவிட்டு. நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றே, சாப்பிட்டுவரும் தடுப்பு மருந்தைப் பற்றிக் கேட்க டாக்டரிடம் போங்கள், அடுத்த மாதப் பரிசோதனைவரை காத்திருக்கவேண்டாம்.